மாஸ்டைப் பிடித்து நிறுத்துவது இரும்பா, எண்ணெயா?

‘பம்ப் மாற்றினால் சரியாகுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மணலியில் உள்ள உங்கள் கிடங்கில் ஓடும் 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட். இருபது ஆண்டுகளைத் தாண்டிய வண்டி, இரண்டு அடுக்கு மாஸ்ட், அதாவது முன்னால் செங்குத்தாக நிற்கும் தூக்குச் சட்டம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. ஃபோர்க் ஆள் உயரத்தைத் தாண்டியதும் திக்கித் திக்கி ஏறுகிறது. காலியாக இறக்கும்போது ஏறக்குறைய அதே உயரத்தில் சில நொடிகள் அந்தரத்தில் நின்று, ‘தடால்’ என்று ஒரு சாண் விழுந்து, மீதித் தூரத்தை ஒழுங்காகக் கடக்கிறது. சுமையோடு இறக்கினால் இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. போன மாதம் மாஸ்டுக்குள் உருளும் ரோலர்கள் அனைத்தையும் மாற்றியிருக்கிறீர்கள். ஒரு மெக்கானிக், மாஸ்டைத் தூக்கும் எண்ணெயைத் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். ஆப்பரேட்டர் தினமும் தண்டவாளத்தில், அதாவது மாஸ்டில் ரோலர் ஓடும் சட்டத்தில், கிரீஸ் அப்புகிறார். ஆகவே உங்கள் கேள்வி பம்பைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றுதான்: இறங்க வேண்டிய கேரேஜை, அதாவது ஃபோர்க்குகளைத் தாங்கி மாஸ்டில் ஏறி இறங்கும் சட்டத்தை, எது பிடித்து வைத்திருக்கிறது, இரும்பா, எண்ணெயா? இதற்கு விடை கிடைக்கும் வரை எந்த உதிரிப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

வடசென்னை அரசு ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, இருபத்தாறு ஆண்டுகளாக இதே வட்டாரத்தில் ஹைட்ராலிக் வேலை பார்க்கிறேன். துறைமுகம், திருவொற்றியூர், மாதவரம், செங்குன்றம் சாலைக் கன்டெய்னர் யார்டுகள் என்று பழைய ஃபோர்க்லிஃப்டுகள் எங்கெல்லாம் உழைக்கின்றனவோ அங்கெல்லாம் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது பழுதைப் பற்றியது அன்று, ஆளைப் பற்றியது. இன்றிலிருந்து அந்த வண்டியை வேலைக்கு விடாமல் நிறுத்தி வையுங்கள். அந்தரத்தில் நிற்கும் கேரேஜின் கீழே யாரும் போகக் கூடாது, மாஸ்டின் நடுவே கையை விடக் கூடாது, கடப்பாரையால் நெம்பக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் இதே போலச் சிக்கி நின்ற கேரேஜை ஓர் உதவியாளர் கடப்பாரையால் தட்டினார். ஆப்பரேட்டர் லீவரை முன்பே அழுத்திவிட்டதால் கேரேஜைத் தாங்கும் செயின் தொங்கிப் போயிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டடி உயரம்தான் விழுந்தது. அவர் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. காலி கேரேஜும் ஃபோர்க்குகளும் சேர்ந்தாலே இருநூறு கிலோவுக்குக் குறையாது. அது விழும்போது கையை இழுத்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்காது.

மேலே சிக்கி நிற்கும் கேரேஜைக் கையாளும் முறை இது. லீவரை இறக்கும் பக்கம் தொடாதீர்கள். தூக்கும் பக்கம் மெல்ல அசைத்து, செயின் இரண்டும் விறைப்பாகும் வரை கொண்டுவாருங்கள். பிறகு கேரேஜைக் கனமான செயினால் உள் மாஸ்டின் குறுக்குச் சட்டத்தோடு கட்டுங்கள். உள் மாஸ்டுக்கும் வெளி மாஸ்டுக்கும் இடையே முட்டுக் கட்டை வையுங்கள். மேலே செயின் பிளாக் மாட்ட வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகுதான் ஒருவர் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

இப்போது பம்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் வண்டி போன்ற சாதாரண மாஸ்டில் லிஃப்ட் சிலிண்டர் ஒரு திசையில் மட்டும்தான் எண்ணெயால் வேலை செய்கிறது. ஏறுவதற்குப் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. இறங்குவதோ தன் எடையால். லீவரை அழுத்தினால் வால்வு வழி திறக்கிறது, கேரேஜின் எடை எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பித் தள்ளுகிறது, அவ்வளவுதான். என்ஜினை அணைத்துவிட்டு லீவரை அழுத்தினாலும் பழைய வண்டிகளில் மாஸ்ட் இறங்கும். ஆகவே இறங்கும்போது சிக்குகிற வண்டிக்குப் பம்ப் காரணமாக இருக்கவே முடியாது. பம்ப் தேய்ந்திருந்தால் சுமையோடு ஏறுவது மெதுவாகும், எண்ணெய் சூடேறச் சூடேற இன்னும் மெதுவாகும். குறிப்பிட்ட ஓர் உயரத்தில் மட்டும் திக்காது, காலி வண்டியை நிறுத்தி வைக்காது. உங்கள் பம்பும் தேய்ந்திருக்கலாம், அது தனி விஷயம். இந்தத் தொல்லைக்கு அது பொறுப்பில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்தது செயின். பைசா செலவில்லாத சோதனை, ஆனால் தூரத்தில் நின்று பார்க்க வேண்டியது. இரண்டு அடுக்கு மாஸ்டில் செயினின் ஒரு முனை அசையாத வெளி மாஸ்டிலோ சிலிண்டர் உடலிலோ கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து உள் மாஸ்டின் தலையில் உள்ள கப்பியைச் சுற்றி வந்து கேரேஜைத் தாங்கும். அதனால்தான் உள் மாஸ்ட் ஒரு மீட்டர் ஏறினால் கேரேஜ் இரண்டு மீட்டர் ஏறுகிறது. வண்டி சிக்கி நிற்கும் அந்தச் சில நொடிகளில் செயினைப் பாருங்கள். செயின் தளர்ந்து தொங்கினால், உள் மாஸ்ட் இறங்கிவிட்டது, கேரேஜ் மட்டும் பின்தங்கிச் சிக்கியிருக்கிறது என்று பொருள். அதாவது கேரேஜ் ரோலர்களுக்கும் உள் மாஸ்ட் தண்டவாளத்துக்கும் இடையே பிடிப்பு. செயின் கம்பி போல விறைப்பாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: உள் மாஸ்ட் வெளி மாஸ்டுக்குள் சிக்கியிருக்கிறது, அல்லது எண்ணெய் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. கப்பி உள் மாஸ்டிலேயே இருப்பதால் இவை இரண்டிலும் செயின் தளராது. நீங்கள் சொல்லும் ‘தடால்’ சத்தம் தளர்ந்த செயின் திடீரென்று விறைக்கும் சத்தமாக இருக்கலாம் என்று எனக்கு வலுவான சந்தேகம். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் செயினின் ஊசிகளும் முனைப் போல்ட்டுகளும் அடி வாங்குகின்றன.

ஒரு சுண்ணாம்புக் கட்டியும் வேண்டும். வெளி மாஸ்டில் ஒரு கோடு, உள் மாஸ்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காலியாக ஐந்தாறு முறை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். சிக்கும் ஒவ்வொரு முறையும் எந்த இடம் என்று தூரத்தில் நின்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறையும் இரண்டு விரற்கடைக்குள் அதே இடத்தில் சிக்கினால் அது இரும்பின் வேலை. தண்டவாளத்தில் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, அல்லது அந்த இடத்திலிருந்து அகலம் குறைகிறது. ஒரு முறை இங்கே, ஒரு முறை அங்கே, காலையில் மோசம், மதியம் பரவாயில்லை என்றால் எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். உங்கள் விவரிப்பில் ‘ஏறக்குறைய அதே உயரத்தில்’ என்ற சொல்தான் என் கவனத்தை ஈர்த்தது. அந்த ‘ஏறக்குறைய’ எத்தனை விரற்கடை என்பதைச் சுண்ணாம்பு சொல்லிவிடும்.

சுமையோடு பெரிதாகத் தொல்லையில்லை, காலியாகச் சிக்குகிறது என்கிறீர்களே, அதுவும் இரும்பையே காட்டுகிறது. பக்கவாட்டில் ரோலர் இறுகிப் பிடிக்கும் பிடிப்பு சுமையைப் பொறுத்துப் பெரிதாகக் கூடுவதில்லை. கேரேஜின் எடை மட்டும் அந்தப் பிடிப்பை வெல்லப் போதவில்லை. மேலே ஒரு டன் வைத்ததும் வென்றுவிடுகிறது. எண்ணெய்ப் பக்கத்துப் பழுதுகள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அழுக்கால் சிக்கியிருந்தால் காலியாக ஓரளவு இறங்கும், சுமை வைத்தால் நின்றுவிடும். ஏனென்றால் ஓட்டம் வேகமாக ஆக அந்த வால்வு வழியைக் குறுக்குவதற்காகவே செய்யப்பட்டது.

இதையெல்லாம் நம்பாதவர்களுக்கு ஒரு பிரஷர் கேஜ் போதும். மாஸ்டை முழுவதும் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, லீவரை இரு பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, லிஃப்ட் சிலிண்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு 250 பார் அழுத்தம் வரை காட்டும் கேஜை மாட்டுங்கள். 3 டன் வண்டிகளில், அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 150 முதல் 200 பாருக்குள் திறக்கும், ஆகவே அந்தக் கேஜ் தாங்கும். மெதுவாக ஏற்றும்போது முள் ஒரே இடத்தில் நின்றால் தண்டவாளம் சுத்தம். நீங்கள் குறித்த சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்ததும் முள் குதித்தால் அங்கே இரும்பு உரசுகிறது. இறக்கும்போது சிக்கி நிற்கும் நொடியில் முள் பூஜ்யத்துக்கு அருகே போனால் எண்ணெய் தன் வேலையை முடித்துவிட்டது, பிடித்திருப்பது இரும்பு. முள் பழைய இடத்திலேயே நின்றால் எண்ணெய் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கேஜை வேகக் கட்டுப்பாட்டு வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே மாட்ட வேண்டும். வால்வுக்கு லீவர் பக்கமாக மாட்டினால், எண்ணெய் சிலிண்டர் பக்கம் அடைபட்டிருந்தாலும் முள் பூஜ்யம் காட்டி உங்களை ஏமாற்றும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளே இதில் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன். சில சிலிண்டர்களில் ஹோஸ் வெடித்தால் அடைத்துக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு அடிப்பாகத்திலேயே பொதிந்திருக்கும். அதைத் தாண்டிக் கேஜ் மாட்ட வழியில்லை. அப்படிப்பட்ட வண்டியில் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இனி ரோலர்களுக்கு வருகிறேன். என் சந்தேகம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ரோலர் மாற்றுவதற்கு முன்பு மாஸ்ட் ஆடியது, சத்தம் போட்டது, ஆனால் சிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாற்றிய பிறகுதான் சிக்குகிறது. கிடங்கில் வேலை செய்யும் வண்டி நாள் முழுவதும் தரையிலிருந்து மார்பளவு உயரம் வரைதான் ஏறி இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தூரத்துத் தண்டவாளம் மட்டும் தேய்ந்து அகன்றுவிடும். அதற்கு மேலே உள்ள பகுதி ஏறக்குறையப் புதிதாக வந்தபோது இருந்த அளவிலேயே இருக்கும். மாஸ்ட் ஆடுகிறது என்று ரோலருக்குப் பின்னால் சிம் எனும் மெல்லிய இடைவெளித் தகடு வைப்பவர், வழக்கமாக மாஸ்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, அதாவது தேய்ந்த இடத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டம் நிற்கும் வரை தகடு சேர்ப்பார். கீழே அருமையாக இருக்கும். ஆட்டமே இருக்காது. தேயாத இடத்துக்கு ரோலர் ஏறியதும் இடுக்கி போலப் பிடிக்கும். தேய்ந்த இடத்தில் அளந்து வைத்த சிம் தேயாத இடத்தில் சிக்கும். இதை ஒரு பழைய மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இத்தனை ஆண்டுகளில் ரோலர் மாற்றிய பிறகு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கிறது.

இன்னொரு சாத்தியம், ரோலரின் அளவே மாறிப்போயிருப்பது. பல மாஸ்டுகளுக்கு ஒரே ரோலர் இரண்டு மூன்று வெளி விட்டங்களில் கிடைக்கும். தண்டவாளம் தேய்ந்த பிறகு சற்றுப் பெரியதைப் போட்டு ஆட்டத்தைக் குறைக்கலாம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பாரிமுனையில் பேரிங் கடைக்குப் போய்ப் பழையதைக் காட்டி ‘இதே போல’ என்று கேட்டால், உள் விட்டமும் அகலமும் பொருந்தினால் கடைக்காரர் கொடுத்துவிடுவார். வெளி விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தண்டவாளத்துக்குத் தெரியும். ஆகவே ரோலர்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுதுங்கள். வலது, இடது, மேல், கீழ் என்று குறித்துக்கொண்டே கழற்றுங்கள். ஒரு பக்கம் சிறியது, மறு பக்கம் பெரியது என்று கலந்து மாட்டியிருந்தால் கேரேஜ் கோணலாக ஓடும்.

சரியான முறை சற்று நேரம் பிடிக்கும். உள் மாஸ்டையும் வெளி மாஸ்டையும் பிரித்து, பழைய கிரீஸைச் சுரண்டி, டீசலால் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான தண்டவாளத்தில் வெயில் படும்படி வைத்துப் பார்த்தால் பளபளக்கும் கோடுகள் எங்கே ரோலர் ஓடுகிறது என்று காட்டும். ரோலர் ஓடக் கூடாத இடத்தில், அதாவது ரோலரின் பக்க முகம் உரசுகிற சுவரில், புதிதாக ஒரு கீறலோ மினுமினுப்போ தெரிந்தால் சிம் அதிகம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு ஒவ்வோர் அடிக்கும் ஓர் இடம் என்று தண்டவாளத்தின் உள்ளகலத்தை அளந்து எழுதுங்கள். கிடைக்கும் எண்களில் மிகச் சிறியது எதுவோ, அந்த இடத்துக்குப் பொருந்தத்தான் சிம் வைக்க வேண்டும். அந்த இறுக்கமான இடத்தில் ரோலர் கையால் சுழல வேண்டும், ஆனால் பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடக் கூடாது. எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் வேறு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் செல்லும். இரண்டு பக்கமும் சிம் ஏறக்குறையச் சமமாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் கீழே, தேய்ந்த பகுதியில், கொஞ்சம் ஆட்டம் மிஞ்சும். அந்த ஆட்டம் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கும் வரை அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதை சிம் வைத்து ஒழிக்கப் பார்ப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

கிரீஸ் அப்புவதைப் பற்றி ஆப்பரேட்டரைக் கோபிக்காதீர்கள், அவர் தனக்குத் தெரிந்த வழியில் வண்டியைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் நம் ஊர்க் காற்றில் அது கெடுதலாக முடிகிறது. எண்ணூரிலிருந்து மணலி வரை சாம்பலும் நிலக்கரித் தூளும் காற்றோடு வருகின்றன. கடல் காற்றில் உப்பு வருகிறது. உங்கள் கிடங்கில் சிமென்ட் மூட்டையோ உர மூட்டையோ இருந்தால் கேட்கவே வேண்டாம். தடிமனாகப் பூசிய கிரீஸில் இவை ஒட்டிக்கொண்டு, சில வாரங்களில் உப்புத்தாள் பசை போல ஆகிவிடும். அந்தப் பசை ரோலரின் சீலை அரிக்கிறது, மூலைகளில் கட்டியாக இறுகி ரோலரைத் தடுக்கவும் செய்கிறது. பழையதைத் துடைத்துவிட்டு, ரோலர் ஓடும் முகத்தில் விரலால் மெழுகியது போல மெல்லிய பூச்சு போதும். செயினுக்கு கிரீஸ் வேண்டாம். கிரீஸ் வெளியே மூடிக்கொள்ளும், ஊசிகளுக்குள் போகாது, உள்ளே துரு வளரும். என்ஜின் ஆயிலைப் பிரஷால் தடவினால் அது கசிந்து உள்ளே இறங்கும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை இதைச் செய்யச் சொல்வேன்.

ரோலரும் சிம்மும் சரியாக இருந்தும் சிக்கினால் தண்டவாளமே வளைந்திருக்கலாம். கிடங்கு வாசல் உத்திரத்தில் மாஸ்ட் முட்டியதா, ஒற்றை ஃபோர்க்கால் எதையாவது நெம்பினார்களா, மாஸ்டில் கயிறு கட்டி லாரியை இழுத்தார்களா என்று ஆப்பரேட்டரிடம் தனியாக, மிரட்டாமல் கேளுங்கள். உண்மையைச் சொல்வார். இன்னொன்றையும் பாருங்கள்: விளக்கு மாட்டவோ கண்ணாடி மாட்டவோ யாராவது வெளி மாஸ்டில் வெல்டிங் வைத்திருக்கிறார்களா? வெல்டிங் ஆறும்போது இரும்பைச் சுருக்கும். வெளியே ஒரு சின்னப் பட்டை, உள்ளே அந்த இடத்தில் அகலம் குறைந்துவிடும். வளைவைக் கண்டுபிடிக்க மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, ஒவ்வோர் அடியிலும் இடைவெளியை அளந்தால் போதும். வளைந்திருந்தால் கேஸ் விளக்கால் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்று வருபவரை அனுப்பிவிடுங்கள். சூடுபட்ட இரும்பின் பலம் குறைந்துபோனால் அது வெளியே தெரியாது, சுமையோடு உயரத்தில் இருக்கும்போதுதான் தெரியும்.

மாஸ்டை முன்னும் பின்னும் சாய்க்கும் டில்ட் சிலிண்டர்களையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். மாஸ்டை மெதுவாக முழுவதும் பின்னால் சாய்க்கும்போது இரண்டு சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொட வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் மாஸ்ட் முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய மாஸ்டில் ரோலர் சிக்கும். நேராக நிறுத்தினால் சிக்காமல், பின்னால் சாய்த்தால் சிக்குகிறது என்றால் இதுதான். ராடின் முனையைத் திருகி நீளத்தைச் சமப்படுத்தும் வேலை, அரை நாள்கூட ஆகாது.

செயின் தனிக் கதை. சிக்கலுக்கு அது காரணமில்லாமல் இருக்கலாம், ஆனால் இத்தனை நாள் தளர்ந்து விறைத்து அடி வாங்கியிருந்தால் அதைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. விறைப்பாக வைத்து, கப்பியைச் சுற்றி அதிகம் ஓடும் பகுதியில் அளக்க வேண்டும். முனைப் பகுதி தேய்ந்திருக்காது, அங்கே அளந்தால் நல்ல எண்தான் வரும். முக்கால் அங்குலக் கண்ணியுள்ள செயின் என்றால் 16 கண்ணி 12 அங்குலம், அதாவது சுமார் 305 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 3 சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது 314 மில்லிமீட்டரை எட்டிவிட்டால், அந்தச் செயின் முடிந்தது. கையேடு இதைவிடக் குறைந்த எல்லையைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து, முனைப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கேரேஜ் ஒரு பக்கம் தூக்கி ஓடும், மறுபடி ரோலர் சிக்கும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவில் தூக்கும் எந்திரங்களையும் செயின்களையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்று வகுத்தது வெறும் காகிதத்துக்காக அன்று.

ஒருவேளை கேஜ் என் சந்தேகத்தைப் பொய்யாக்கி, எண்ணெய்தான் அடைபட்டிருக்கிறது என்று காட்டினால், பார்க்க வேண்டிய இடங்கள் குறைவு. தொட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலும் எண்ணூரிலும் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. மேலே துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கியவர்கள் உண்டு. உங்கள் வண்டியும் அப்போது தண்ணீரில் நின்றிருந்தால், தொட்டியைக் கழுவி எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள், தண்ணீரால் வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலில் துரு ஏறியிருக்கும். ஹோஸ் வெடிப்புக்கான பாதுகாப்பு வால்வு தவறாக அடைத்துக்கொண்டிருந்தால், சற்றே மேலே ஏற்றினால் அது விடுபடும். மறுபடி மறுபடி அடைத்தால் அழுக்கு. எளிதில் யாருக்கும் தோன்றாத ஒன்று, பழைய ஹோஸின் உள் தோல் உரிந்து மடிப்பாகத் தொங்குவது. எண்ணெய் போகும்போது மடிப்பு ஒதுங்கி வழி விடும், திரும்பும்போது கதவு போல மூடிக்கொள்ளும். வெளியே ஹோஸ் நன்றாகவே தெரியும். சிலிண்டரின் சீல் கிட் புதிதாக மாற்றியிருந்தால் சீல் தவறான அளவாகவோ, ராடைச் சுற்றியுள்ள மூடியான கிளாண்டு அதிகம் இறுகியோ இருக்கலாம். அப்போது ஓரிடத்தில் மட்டும் இல்லாமல் முழு ஓட்டத்திலும் நடுக்கம் இருக்கும். ராடில் உப்புக் காற்றால் குரோம் உரிந்த குழிகள் இருந்தால் சீல் கிழியும், கசியும், ஆனால் அதனால் மட்டும் மாஸ்ட் சிக்கிப் பார்த்ததில்லை. கசிவு எங்கே என்று தேடும்போது கையால் தடவாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றும் யோசனையைக் கைவிடுங்கள். கையேட்டில் 32, 46, 68 என்று எந்தக் கெட்டித்தன்மை எண் சொல்லியிருக்கிறதோ அதுதான். கெட்டியாக்கினால் காலி கேரேஜ் இறங்குவது இன்னும் சிரமமாகும். ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தைக் கூட்டினால் ஏறும்போது திக்குவது குறையும். அது உரசலைத் தீர்க்கவில்லை, உரசலைப் பலவந்தமாகத் தாண்டுகிறது. சிக்கும் மாஸ்டை அதிக அழுத்தத்தில் ஏற்றினால் ரோலர் பொருத்தியிருக்கும் தண்டு உடையும் வரை போகும்.

ஆக, நேரில் பார்க்காமலே நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு: பம்ப் காரணமில்லை, கெட்டி எண்ணெய் மருந்தில்லை. சிம் அதிகமாக வைத்ததோ ரோலர் அளவு மாறியதோ காரணம் என்பது என் அனுமானம், பத்துக்கு எட்டுப் பங்கு நம்பிக்கையோடு சொல்கிறேன். தண்டவாளம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அந்த மாஸ்ட் இன்னும் எத்தனை காலம் ஓடும் என்பது உள்ளகல அளவுகள் கைக்கு வந்த பிறகு பேச வேண்டியது. தேயாத இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கையேட்டு எல்லையைத் தாண்டினால் சிம் வைத்து யாரும் சரிசெய்ய முடியாது. நல்ல நிலையில் உள்ள பழைய மாஸ்டைத் தேடிப் பொருத்துவதா, வண்டியையே விடுவதா என்று அப்போது கணக்குப் போட வேண்டும்.

சுண்ணாம்புக் குறியின் உயரம், சிக்கும்போது செயின் தளர்ந்ததா விறைத்ததா, கேஜ் முள் காட்டியது, இந்த மூன்றையும் எழுதுங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன். போன மாதம் கழற்றிய பழைய ரோலர்கள் இன்னும் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லையென்றால் இன்றே தனியாக எடுத்து வையுங்கள். அவற்றின் பக்க முகத்தில் பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படித்து, இப்போது மாட்டியிருக்கும் ரோலரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.